நீள மூக்குத் தோட்டா

ஆடி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. துணிக்கொடி இரண்டு முறை அறுந்தது.

புதுத் தோட்டாவின் மூக்கு குட்டை. பழையதின் மூக்கு நீளம், சாம்பல் நிற ஈயம், நுனி மழுங்கல். அப்பா இரண்டு பெட்டிகளையும் மேசையில் திறந்து வைத்தபோது முதலில் கண்ணில் பட்டது இதுதான். சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ரிவால்வர் வந்து நான்கு நாள். வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றது. கூடவே பாதிப் பெட்டி பழைய தோட்டா. புதுப்பெட்டி கோயமுத்தூர்க் கடையில் வாங்கியது. இரண்டு பெட்டியிலும் போட்டிருந்த அளவு ஒன்றுதான், முப்பத்தெட்டு. தாராபுரம் ரோட்டில் அப்பாவின் வண்டியை இரண்டு முறை மறித்தார்கள். அதன் பிறகுதான் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார்.

இன்று எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அப்பா சுடுவார். நான் பலகைக்குப் போய், தாளில் எங்கே ஓட்டை என்று பார்த்து எழுத வேண்டும். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க, பொட்டப்புள்ளையத் துப்பாக்கிகிட்டக் கூட்டிட்டுப் போறீங்களே, நல்லாருக்குதுங்களா?"

"நம்ம பாக்டரி ஆளு எவனையாச்சும் கூப்பிட்டா, நான் குறி தப்புனது பொழுதுக்குள்ள சூலூர் பூரா தெரிஞ்சுபோயிருமல்லொ. இவ வாயத் தொறக்கமாட்டா. அதுக்குத்தான் இவ."

அது புகழ்ச்சிதானா, தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டில் பின்பக்கம் நிறைய மிச்சம். பள்ளிக்கூடம் நின்று இரண்டு வருஷம், தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. இதில்தான் எழுதுகிறேன்.

இடம்: தோட்டத்துக்கு மேற்கே, பழைய கிணறு வெட்டிய மண் குவிந்த மேடு. அடியில் பலகை, பலகையில் தாள், தாளில் எலுமிச்சம்பழ அளவு கரிப்பொட்டு. காலால் அளந்து இருபது எட்டு தூரம்.

முதல் வெடிக்கு என் கைப் பென்சில் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு காதும் அடைத்துவிட்டது. இவ்வளவு சிறிய சாமானுக்குள் இவ்வளவு சத்தமா. கோழிகள் வேலிக்கு அப்பால் ஓடிவிட்டன. அப்பாவும் பயந்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

ப.தோ. (பழைய தோட்டா) 2. இரண்டும் பொட்டுக்குள்.

அப்பா: "நெருப்பாட்டம் அடிக்குது பாரு கண்ணு! இந்தப் பழசு இனிமேக் கெடைக்காது. எடுத்துப் பத்திரமா வெய்யி. புதுசுல பழகிக்கலாம்."

சாயங்காலம், ஆடிக்கு வரப்போகும் அக்காவின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன். ஆறு. ஒன்று கோணல்.

ஆடி 4, செவ்வாய்

காற்று. சாரல் கொஞ்சம்.

பு.தோ. (புதுத் தோட்டா) 6. ஆறும் பொட்டுக்குக் கீழே. நாலு விரற்கடை. இடம் வலம் சரி, ஆறும் ஒரே கொத்தாக. என் உள்ளங்கையால் மூடிவிடலாம்.

அப்பா சொன்ன காரணம்: காற்று கீழே தள்ளுகிறது.

காற்று மேற்கிலிருந்து. கீழே எப்படித் தள்ளும்? கேட்கவில்லை.

பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, பருத்தி அம்பாரத்துக்குள்.

ஆடி 6, வியாழன்

பு.தோ. 12. அதே இடம், அதே நாலு விரல்.

அப்பாவின் காரணங்கள், வரிசையாக:
காற்று.
வெயில் கண்ணில்.
காலையில் குடித்த காப்பி, கை நடுக்கம்.
பலகை சாய்ந்திருக்கிறது.
துரை ஏமாற்றிவிட்டான்.

கடைசிக் காரணத்தைச் சொன்னபோது அப்பாவின் முகம் சிவந்து போனது. முதல் நாள் இரண்டும் பொட்டில் பட்டதே என்று நோட்டைக் காட்டினேன். விரலால் மட்டும். பார்த்தார்.

"அது குருட்டாம்போக்குல பட்டது கண்ணு."

மூக்கு வேறாக இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அதற்குள் அப்பா ரிவால்வரைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி 9, ஞாயிறு

காற்றில் முருங்கை முறிந்தது.

பாக்டரியில் பருத்தி அரைக்கும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியை அப்பா வீட்டுக்கே வரவழைத்தார். நல்ல கை என்று பெயர். எது பொருந்தாவிட்டாலும் வைஸ் இடுக்கியில் கட்டி அராவிப் பொருத்திவிடுவார். அப்பாவும் அப்படித்தான். எங்கள் பக்கம் எல்லாருமே அப்படித்தான். சாமான் சரியில்லை என்றால் முதலில் கை போவது அரத்துக்கு.

குழல் நுனியின் மேல் ஒரு சிறு தகடு நிற்கிறது. அதை அப்பா முள் என்கிறார். பின்னால், கைப்பிடிக்கு மேலே, ஒரு காடி, சிறு வெட்டுப் பள்ளம். காடிக்கு நடுவே முள்ளை நிறுத்தி, முள் தலையில் பொட்டை வைத்துச் சுட வேண்டும். முள், காடி இரண்டும் இரும்போடு இரும்பாக வார்த்தது. திருக முடியாது, நகர்த்த முடியாது.

மேஸ்திரி: "தாழ அடிச்சா முள்ள ஒசத்தோணுமுங்க. பித்தள பத்தவெச்சு ஒசத்திப்போடலாமுங்க."

அப்பா: "நீ ஒசத்தி என்னய தரையப் பாக்க வெய்யாம இருந்தாச் செரி. முள்ளு ஒசந்தா கொழலு மூக்கு எறங்குமல்லொ? இன்னும் தாழல்ல போகும்."

மேஸ்திரி: "அதெப்படிங்க எறங்கும்? ஒசத்தறமுங்களே."

இப்படியே ஒரு நாழிகை. இரண்டு பேரும் தரையில் கரியால் கோடு போட்டார்கள், அழித்தார்கள். அம்மா மோர் கொடுத்தார்கள். நான் உள்ளே போய் ஒரு விளக்குமாற்றுக் குச்சியின் நுனியில் குண்டூசியைக் குத்தி, சன்னல் கம்பியைப் பொட்டாக வைத்துப் பார்த்தேன். ஊசியை அழுத்திக் குட்டையாக்கினால், ஊசித் தலையைக் கம்பிக்குக் கொண்டுவரக் குச்சியின் நுனியைத் தூக்க வேண்டியிருக்கிறது. அப்பா சொன்னது சரி. முள்ளை அராவினால் அடி மேலே ஏறும்.

அப்பாவே அராவினார். மேஸ்திரி பிடித்துக்கொண்டார். கருநீலம் போய், முள் தலை வெள்ளியாக மின்னியது. தூள் அப்பாவின் வேட்டியில்.  அராவினதை எதைக் கொண்டு ஒட்டுவது?

மேஸ்திரி போகும்போது: "அம்மணி ஒண்ணுமே பேசமாட்டீங்றாங்களே. ஊட்டுல ரேடியோப் பொட்டி இல்லாத குறையத் தீக்கமாட்டாங்க போல!" அப்பா சிரித்தார்.

ஆடி 10, திங்கள்

அராவல், சுடல், அராவல், சுடல். நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் ஏறியது.

பு.தோ. கடைசி 4: நான்கும் பொட்டுக்குள்.

அப்பா என் தலையில் கை வைத்தார். வைத்து ரொம்ப நாள். பாக்டரியிலிருந்து திரும்பும்போது ஜிலேபி வாங்கி வந்தார். "இனி இது நம்ம துப்பாக்கி. நான் சொல்ற எடத்துல அடிக்கும்."

தாள்களை மடித்து என் பெட்டியில் வைத்தேன். (1) ப.தோ. பொட்டில். (2) பு.தோ. தாழ. (3) அராவின பிறகு பு.தோ. பொட்டில்.

ஆடி 13, வியாழன்

அக்கா வந்தாள். கல்யாணம் முடிந்து முதல் ஆடி. தாராபுரத்திலிருந்து ஒரு பெட்டி, ஒரு கூடை, தலை நிறையப் பூ. எனக்கு ஊதா வளையல். ஒன்று வழியிலேயே உடைந்து போயிற்றாம். மீதி பதினொன்று.

பதினேழாம் தேதி மச்சான் வருகிறார். அக்காவின் புருஷன். அம்மா முறுக்குக்கு மாவு இடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

மச்சான் ரொம்பக் கேலி பேசுவார். நான் அன்று சமையல்கட்டிலேயே இருந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அப்பா தினமும் சுடுகிறார். எல்லாம் பொட்டில். புதுப்பெட்டி தீரப்போகிறது.

ஆடி 17, திங்கள்

 நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

மச்சான் காலையில் வந்தார். முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு ஓடப் பார்த்தேன்.

"ஏனுங்க மாமா, உங்க சின்னப்புள்ள ஊமைங்களா? கட்டிக்கிட்டப்பறம் சொன்னா நான் பொறுப்பில்லீங்கொ, எங்க சித்தப்பன் பையன் ஒருத்தன் இருக்கான், காதும் கேக்காது. சோடி பொருத்தம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும்.

அப்பா ரிவால்வரைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும். எல்லாரும் மேட்டுக்குப் போனோம். தாள் வேண்டாம், உடைகிற சாமான் வேண்டும் என்றார் அப்பா. மேட்டின் உச்சியை ஒட்டிப் படி போல வெட்டி, சின்னக் கலயம் ஒன்றை வைத்தார்கள். கலயத்தின் வாய் மேட்டு உச்சிக்குச் சரியாக இருந்தது. பின்னால் மண். மேலே வானம்.

இருபது எட்டு போதவில்லை. மாப்பிள்ளை முன்னால் நாற்பது.

புதுப்பெட்டி நேற்றே தீர்ந்திருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். "பழசுல மூணு எடுத்துட்டு வா கண்ணு."

எடுத்து வந்தேன். நானே எடுத்து வந்தேன். உள்ளங்கையில் மூன்று நீள மூக்கு. புதுசைவிடக் கனம். ஒவ்வொன்றாக அப்பா கையில் வைத்தேன்.

ஒன்று. கலயம் அப்படியே.

இரண்டு. கலயம் அப்படியே.

மச்சான்: "கொஞ்சம் எறக்கிப் புடிங்க மாமா, கொக்குக் கிக்கு செத்து உளுகப்போகுது!"

மூன்று. கலயம் தூள். அக்கா கை தட்டினாள். அப்பா புகையை ஊதினார்.

அப்போது எனக்கு என்னவோ குறைந்தது போல் இருந்தது. என்னவென்று தெரியவில்லை. காலையிலிருந்து காதில் இருந்த ஒன்று இல்லை. மேட்டுக்கு அப்பால் மேற்குக் கிணற்றில் பண்ணையாள் ரங்கன் எருது பூட்டிக் கவலையில் நீர் இறைத்துக்கொண்டிருந்தான். எருது சால் தண்ணீரை இழுக்கும்போதெல்லாம் உருளை கிறீச்சிடும். நாளைக்குப் பெருக்கு, எருதைப் பூட்டக்கூடாது, அதனால் இன்று பொழுதுக்கும் தண்ணீர் இறைக்கச் சொல்லியிருந்தார் அப்பா. அந்தக் கிறீச்சு நின்றுபோயிருந்தது.

அப்புறம் நஞ்சாளின் கூச்சல். ரங்கனின் பெண்சாதி.

ஓடினோம். எருது இரண்டும், கவலை இழுத்து இறங்கும் சரிவான பாரியில் அப்படியே நின்றன. ரங்கன் மண்ணில் உட்கார்ந்து இடது கையைத் தோளுக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தான். விரல் இடுக்கில் இரத்தம். அழவில்லை, எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தான்.

"என்னமோ அடிச்சுதுங்க பண்ணாடி. கல்லாட்டம் வந்து அடிச்சுது."

அப்பா கவலையைப் பார்த்தார். உருளைக் கட்டையில் துருத்திக்கொண்டு ஓர் ஆணி.

"ஆணி குத்திருச்சு. எத்தன தடவ சொல்லியிருக்கறேன் அத அடிச்சு உடுன்னு."

ரங்கன் ஆணியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"ஆமாங்க பண்ணாடி. ஆணிங்க."

அப்பா தன் மேல்துண்டைக் கிழித்துத் தானே கட்டினார். அப்பாவுக்குக் கண்ணில் நீர். நான் பார்த்தேன். அதையும் எழுத வேண்டும்.

ஆடி 18, செவ்வாய்

பெருக்கு. ஏழு வகைச் சோறு. எனக்கு இறங்கவில்லை.

பக்கத்து ஊர் வைத்தியர் வந்து ரங்கனுக்குப் பச்சிலை வைத்துக் கட்டினார். அம்மா கஞ்சியும் கருப்பட்டியும் கொடுத்து அனுப்பினார்கள்.

மதியம் எல்லாரும் படுத்திருக்கும்போது மேட்டுக்குப் போனேன். கலயம் இருந்த இடத்துக்குப் பின்னால் மண்ணில் ஓர் ஓட்டை. சுண்டு விரல் விட்டேன். உள்ளே சூடில்லை, எறும்பு.

ஒன்றுதான். மேட்டை மேலிருந்து கீழ்வரை தேடினேன். புல்லை விலக்கிப் பார்த்தேன். மூன்று வெடி, ஓர் ஓட்டை.

திரும்பும்போது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மச்சான் குரல். அக்காவிடம்.

"உங்கப்பன் சுட்டது ரெண்டும் மேட்டுக்கு மேல போச்சு, நான் பார்த்தனல்லொ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா டாக்டரு போலீசுக்கு எழுதிப்போடுவான். லைசென்ஸு போகும், கேசாகும். ஆணின்னே இருக்கட்டும். நீ வாய மூடிக்கிட்டு இரு."

"நான் எதுக்குப் பேசறேன்?" என்றாள் அக்கா.

முறுக்கு தின்றுகொண்டே பேசினார்கள். கடிக்கிற சத்தம் கேட்டது.

ஆடி 19, புதன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

கணக்கு:

இருபது எட்டில், அராவுமுன், ப.தோ. பொட்டில் பட்டது.
பு.தோ. நாலு விரல் தாழ.
நாலு விரல் ஏற்றுவதற்காக முள்ளை அராவினார் அப்பா. பு.தோ. பொட்டுக்கு வந்தது.
அப்படியானால் ப.தோ.வும் நாலு விரல் ஏறியிருக்கும். பொட்டுக்கு மேலே.
நாற்பது எட்டில் எட்டு விரல்.
கலயத்தின் நடுவிலிருந்து வாய் வரை நாலு விரல். வாய்க்குச் சரி மேட்டு உச்சி.
மீதி நாலு விரல். வானம்.

இரண்டு முறை போட்டேன். அதே விடை.

கனமான தோட்டா தாழத்தானே போக வேண்டும்? ஏன் ஏறுகிறது? சுடும்போது அப்பாவின் கை பின்னால் எகிறி, குழல் நுனி தூக்கிக்கொள்கிறது. கனமானது குழலைவிட்டு மெல்லத்தான் வெளியே வருமோ, அதற்குள் நுனி இன்னும் கொஞ்சம் தூக்கிவிடுமோ. சரியா என்று தெரியாது. தாள் பொய் சொல்லாது.

அப்பா துப்பாக்கியைச் சரி பண்ணவில்லை. குட்டை மூக்குக்குச் சரி பண்ணினார். துரையின் துப்பாக்கி முதலிலேயே சரியாக இருந்தது, நீள மூக்குக்கு.

நான் மூன்றாம் தேதியே பார்த்தேன். மூக்கு வேறு என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அரம் வந்திருக்காது. பதினேழாம் தேதி கையில் வைத்துக் கொடுத்தேனே, அப்போதாவது. ஒரு வார்த்தை.

மதியம் கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் ரங்கன் குடிசைக்குப் போனேன். வாசலோடு நிற்கிறதுதான் வழக்கம். உள்ளே போய்விட்டேன். நஞ்சாள் பதறிப் போனாள்.

"அய்யோ அம்மணி, இங்கெல்லாம் வரலாமுங்களா?"

பச்சிலையை எடுத்துக் காட்டச் சொன்னேன். கை தொடை அளவுக்கு வீங்கியிருந்தது. தோளுக்கு நாலு விரல் கீழே சின்ன ஓட்டை, வட்டம். பின்பக்கம் பார்த்தேன். ஓட்டை இல்லை. உள்ளே போனது உள்ளேயே இருக்கிறது. மண்ணுக்குள் என் சுண்டு விரல் போன அதே அளவு. வாடை.

ரங்கன் பிதற்றுகிறான். எருதைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். பெருக்கு முடிந்ததா, பூட்டட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

"ஆணிதானா நஞ்சா?" என்று கேட்டேன்.

அவள் பச்சிலையை மறுபடி வைத்துக் கட்டினாள். "பண்ணாடி ஆணின்னு சொன்னா ஆணிதானுங்க அம்மணி. நாங்க வேற என்ன சொல்லறது?"



ஆடி 20, வியாழன்

காலை. அப்பா குளிக்கத் தயாராக வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். 

நீட்டினேன்.

"என்ன கண்ணு?"

 மூன்றையும் அடுத்தடுத்துக் கல்லில் விரித்தேன். மிச்சமிருந்த நீள மூக்கில் ஒன்றையும், புதுப்பெட்டியில் வெடிக்காமல் தங்கிய குட்டை மூக்கு ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். அப்புறம் சொன்னேன். மூச்சு மட்டும்தான் வந்தது என்று நினைக்கிறேன், அப்பாவுக்குக் கேட்டது.

"மூக்கு வேறயிங்கப்பா. மேட்டுல ஒரு ஓட்டதாங்க இருக்குது. அவன் கைல உள்ளயே இருக்குதுங்கப்பா."

அப்பா குனிந்தார். தோட்டா இரண்டையும் பார்த்தார். தாளில் விரல் வைத்து அளந்தார். ஒரு தடவை. மறுபடியும். உதடு அசைந்தது. எட்டு என்று எண்ணினார். நான் பார்த்தேன், எட்டு என்றுதான் எண்ணினார்.

நேற்றுவரை அப்பா ஆணி என்று நம்பினார். அது பொய் இல்லை. தான் சரி பண்ணின துப்பாக்கி மேலே போகாது என்று மனசார நம்பினார். இப்போது நம்பிக்கை போய்விட்டது. முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, அப்பா, சரியாகிவிடும், இப்போதே வண்டி கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்ல வேண்டும் போல்.

அப்பா தாள்களை மடித்தார். நாலாக. அடுப்பில் வைத்தார்.

எரிய நேரம் ஆகவில்லை. கரிப்பொட்டு கடைசியாக.

"வேற யாருக்காச்சும் காட்டுனியா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"நல்ல புள்ள."

தலையில் கை வைத்தார். பத்தாம் தேதி வைத்த அதே கை. நான் நகர்ந்துகொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

அவர் குளிக்கவில்லை. வெந்நீர் கொதித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மா வந்து விறகை இழுத்துவிட்டார்கள்.

இந்த நோட்டு அப்பாவுக்கு நினைவில்லை. எல்லாம் இதில் இருக்கிறது. மூன்றாம் தேதி முதல்.

அதே நாள், பொழுது சாய

அப்பா நஞ்சாளைக் கூப்பிட்டுச் சொன்னார். காரமடைப் பக்கம் ஒரு வைத்தியர், புண்ணுக்குப் பெயர் போனவர். நாளை விடியலில் பாக்டரிப் பார வண்டியில் கொண்டுபோகட்டும், செலவெல்லாம் தன்னுடையது. நஞ்சாள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

இங்கிருந்து காரமடை போய்ச் சேர முழுப் பகல் ஆகும். ரங்கனுக்கு அவ்வளவு பகல் இருக்கிறதா?

சமையல்கட்டில் அம்மா. அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்:

"காரமட ரங்கநாதருக்கு ஒரு தேங்கா வேண்டுதல் பாக்கி கெடக்குது. நீயும் அந்த வண்டில போயி ஒடச்சிட்டு வா அம்மணி. நான் உங்கப்பங்கிட்டச் சொல்லிக்கறேன்."

எனக்குத் தெரிந்து அப்படி ஒரு வேண்டுதல் இல்லை.

கொஞ்சம் கழித்து: "வண்டி கோயமுத்தூருக்குள்ள பூந்துதான் போகோணும்."

களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் களைந்தார்கள். மூன்று தண்ணீர், நான்கு தண்ணீர். அரிசி வெளுத்துப் போயிற்று.

ஆடி 21, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி வராந்தா. பென்சில்.

விடியலில் கிளம்பினோம். வைக்கோல் மேல் ரங்கன். என்னோடு ஒரே வண்டியில் உட்காரக் கூடாதென்று நஞ்சாள் இறங்கி நடக்கப் பார்த்தாள். கையைப் பிடித்து ஏற்றினேன். அவள் கையை நான் தொட்டது இதுதான் முதல். காய்ப்புக் காய்ப்பாக. வண்டிக்காரர் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துகொண்டார்.

சிங்காநல்லூர் வரை ரங்கன் எருதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் கூப்பிடவில்லை.

மில் சங்கு ஊதியது. எத்தனை சைக்கிள். ஒரு சாயச் சேலைக்காரி வாழைப்பழம் வேணுமா அம்மணி என்றாள்.

ஆஸ்பத்திரிச் சுவர் தெரிந்ததும் வண்டிக்காரரிடம், "இங்க நிறுத்துங்க" என்றேன்.

"பண்ணாடி காரமடன்னல்லங்க சொன்னாரு?"

"நான் சொல்றேன்."

திரும்பிப் பார்த்தார். என் குரல் அவருக்குப் பழக்கமில்லை. எனக்கும்தான். எருதை நிறுத்தினார்.

இரண்டு பேர் ஒரு கட்டிலைக் கொண்டுவந்து, ரங்கனை அதில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். டாக்டர் சின்ன வயசு, கண்ணாடி. பச்சிலையை வழித்துப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"எத்தன நாளாச்சு? என்ன குத்துச்சு?"

நஞ்சாள்: "ஆணிங்க சாமி. கவல ஆணி."

"ஆணியா?" டாக்டர் காயத்தைச் சுற்றி அழுத்தினார். ரங்கன் முனகினான். உயிர் இருக்கிறது. "பின்னால ஓட்டை இல்லையே. ஆணி உள்ளயே இருக்குதா?"

நஞ்சாள் என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கட்டில் தூக்கினவர்கள், நர்ஸம்மா, அடுத்த கட்டில்காரர். காது இரண்டும் அடைத்தது, முதல் வெடிக்கு அடைத்தது போலவே.

"குண்டுங்க," என்றேன். "முப்பத்தெட்டு. நீள மூக்கு. ஈயம்."

டாக்டர் நிமிர்ந்தார். கத்தி கொண்டுவரச் சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை இழுத்தார். பேனாவைத் திறந்தார்.

"யார் சுட்டது?"

சொன்னேன்.